பழைய ஐபாட் கிளாசிக்கை ஹார்டு டிஸ்க்காகப் பயன்படுத்துவது எப்படி: முதலில் ஃபார்மட், பிறகுதான் கோப்பு

ஆப்பிளின் பழைய பாட்டுக்கருவியான ஐபாட் கிளாசிக்கின் உள்ளே இருப்பது 1.8 அங்குல ஹார்டு டிஸ்க். மாடலைப் பொறுத்து 80, 120 அல்லது 160 ஜிபி. அதில் பாட்டு மட்டும்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பாட்டுக்குப் போக மீதியுள்ள இடத்தில் புகைப்படங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்கள், வேலைக் கோப்புகள் என்று எதையும் வைத்துக்கொள்ளலாம். இதற்கான வசதியை ஆப்பிளே உள்ளே வைத்திருக்கிறது. தனி மென்பொருள் வாங்க வேண்டாம், கருவியைப் பிரிக்கவும் வேண்டாம்.

ஆனால் இந்த வேலையைச் செய்யும் வரிசை மிக முக்கியம். என் கைக்கு வந்த 160 ஜிபி ஐபாட், அதற்கு முன் ஒரு மேக் கணினியோடு பயன்படுத்தப்பட்டது. குடும்பப் புகைப்படங்கள் முழுவதும் அதில் இருந்தன. ஒரு படிவத்தை அச்செடுப்பதற்காக ஜெராக்ஸ் கடைக் கணினியில் செருகினால், "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டது. மேக் வைத்திருக்கும் நண்பரைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை "ஐடியூன்ஸில் (ஐபாடை நிர்வகிக்கும் ஆப்பிளின் கணினி மென்பொருள்) இந்தப் பெட்டியில் டிக் போடுங்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. டிக் போடுவது அரை நிமிட வேலை. அதற்கு முன் தீர்மானிக்க வேண்டியவற்றில்தான் நேரமும் தரவும் பறிபோகின்றன. அதனால் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உங்களிடம் இருப்பது எந்தக் கருவி என்று பாருங்கள்

முதுகுப் பக்கத்தில் சிறிய எழுத்தில் மாடல் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஏ1238 என்றிருந்தால் அது ஐபாட் கிளாசிக், அதாவது 2007 முதல் 2014 வரை விற்பனையில் இருந்தது. ஏ1136 என்றிருந்தால் அதற்கு முந்தைய வீடியோ ஐபாட். இரண்டும் இந்த வேலைக்கு ஏற்றவை. ஐபாட் நானோ, ஷஃபிள் ஆகியவற்றிலும் இந்த வசதி உண்டு, இடம்தான் குறைவு.

ஐபாட் டச் வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே அது ஐபோனின் குடும்பம். டிஸ்க்காக இயங்கும் வசதி அதில் கிடையாது. "எல்லா ஐபாடும் ஒன்றுதான்" என்று சொல்லி விற்பவரிடம் இதைக் கவனியுங்கள்.

ஐபாட் அல்லாத பிளேயர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளேயர்கள் கணினியோடு பேசும் முறைகள் இரண்டு: எம்டிபி, எம்எஸ்சி. எம்டிபி முறையில் பிளேயர் வெறும் மீடியா கருவியாகத் தெரியும். டிரைவ் எழுத்து கிடைக்காது. எம்எஸ்சி முறையில் பென் டிரைவ் போலவே வரும். சான்டிஸ்கின் சான்சா கிளிப் போன்ற பிளேயர்களில் செட்டிங்ஸுக்குள் யுஎஸ்பி மோட் என்ற இடத்தில் எம்எஸ்சியைத் தேர்ந்தெடுத்தால் போதும், உங்கள் வேலை பாதி முடிந்தது. கீழே நகல் எடுப்பது, பூட்டுவது, கழற்றுவது பற்றிச் சொல்வதெல்லாம் அவற்றுக்கும் பொருந்தும்.

2. கேபிளும் சார்ஜும்

கிளாசிக்குக்கு 30 பின் கேபிள் வேண்டும். இன்று கடைகளில் தொங்கும் மலிவான கேபிள்களில் சில சார்ஜ் மட்டும் ஏற்றும். தரவுக்கான கம்பிகளே உள்ளே இருக்காது. ஐபாடில் சார்ஜ் ஏறும், கணினியில் ஒன்றுமே தெரியாது. உடனே ஐபாட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். வாங்கும்போதே "டேட்டா கேபிளா?" என்று கேட்டு, முடிந்தால் கடையிலேயே செருகிப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஐபாடையும் கையோடு கொண்டுபோய்ச் சோதித்து வாங்கலாம்.

செருகும்போது, கேபிள் முனையில் சிறு சின்னம் அச்சிட்ட பக்கம் ஐபாடின் திரைப் பக்கம் இருக்க வேண்டும். பழைய கேபிள்களில் முனையின் இரு ஓரங்களிலும் அழுத்தும் பட்டன்கள் உண்டு. அவற்றை அழுத்தாமல் இழுத்தால் உள்ளே பின்கள் வளைந்துவிடும். மடிக்கணினியில் டைப்-சி துளை மட்டும் இருந்தால் ஒரு மாற்றி வேண்டும். யுஎஸ்பி ஹப்பிலோ கீபோர்டில் இருக்கும் துளையிலோ செருகாதீர்கள். சுழலும் டிஸ்க்குக்கும் சார்ஜுக்கும் சேர்த்துத் தேவைப்படும் மின்சாரம் அங்கே கிடைக்காமல், நகல் நடக்கும்போதே இணைப்பு அறுந்துபோகும்.

வெகுநாள் சும்மா கிடந்த ஐபாட் என்றால் முதலில் சார்ஜ். பேட்டரி முழுதாக வற்றியிருந்தால் திரையில் எதுவும் தெரியவே அரை மணி நேரம் ஆகலாம், பொறுங்கள். 80 சதவீதம் ஏற 2 மணி நேரம், முழுதாக 4 மணி நேரம் என்பது ஆப்பிள் தந்த கணக்கு. முன்பக்கத் தகடோ பின்மூடியோ உப்பிக்கொண்டு வந்திருந்தால் சார்ஜே போடாதீர்கள். அது வீங்கிய லித்தியம் பேட்டரி. மாற்றிய பிறகுதான் மற்ற எதுவும்.

3. டிஸ்க் இன்னும் தாங்குமா என்று சோதியுங்கள்

இந்தப் படியைத் தவறவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். கிளாசிக்குகளில் மிகப் புதியதே பத்து வயதைத் தாண்டிவிட்டது. உள்ளே நகரும் பாகங்கள் உள்ள டிஸ்க். பாட்டு ஒழுங்காகப் பாடுகிறது என்பது டிஸ்க் நன்றாக இருப்பதற்குச் சாட்சி அல்ல. பாட்டு உட்கார்ந்திருக்கும் பகுதி நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

கிளாசிக்கிலேயே ஒரு மறைவான சோதனைப் பட்டியல் இருக்கிறது. மேலே உள்ள ஹோல்டு பொத்தானை ஒருமுறை பூட்டித் திறங்கள். மெனு பட்டனையும் நடு பட்டனையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் வரும்வரை, ஏறக்குறைய 6 முதல் 8 நொடி அழுத்திப் பிடியுங்கள். சின்னம் தெரிந்ததும் கையை எடுத்து, உடனே நடு பட்டனையும் இடதுபக்க முந்தைய பாட்டு பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். ஒரு எளிய திரை வரும். மெனுவை அழுத்திக் கையால் சோதிக்கும் பகுதிக்குள் போங்கள். அங்கே முன்னும் பின்னும் நகர அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு பட்டன்கள்; உள்ளே போக நடு பட்டன். ஐஓ, அதற்குள் ஹார்டுடிரைவ், அதற்குள் எச்டிஸ்மார்ட்டேட்டா என்ற வரிசையில் போனால் சில எண்கள் தெரியும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ரீஅலாக்ஸ் என்பது கெட்டுப்போய் ஏற்கெனவே மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. பென்டிங் செக்டார்ஸ் என்பது படிக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருக்கும் பகுதிகள். இரண்டும் பூஜ்யம் என்றால் தைரியமாக மேலே போகலாம். ரீஅலாக்ஸ் சிறு எண்ணாக இருந்து, பென்டிங் பூஜ்யமாக இருந்தால் பயன்படுத்தலாம். அடிக்கடி பார்த்து வாருங்கள். பென்டிங்கில் ஏதாவது எண் இருந்தால், அல்லது டிஸ்க் சுழலும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டால், இதில் எந்தத் தரவையும் நம்பி வைக்காதீர்கள். எண்களை ஒரு தாளில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வெளியே வர மறுபடி மெனுவும் நடு பட்டனும்.

4. உள்ளே இருக்கும் பாட்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள்

அடுத்த படியில் ஐபாட் முழுதாக அழிக்கப்படலாம். பாட்டுகளின் மூலப் பிரதி கணினியில் இல்லை என்றால் இப்போதே எடுங்கள்.

ஐபாடை டிஸ்க்காகத் திறந்து பார்த்தால் (திறக்கும் வழி 6ஆம் படியில்) பாட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. ஐபாட்_கண்ட்ரோல் என்ற மறைக்கப்பட்ட ஃபோல்டருக்குள், மியூசிக் என்ற ஃபோல்டரில் அவை இருக்கின்றன. விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை இயக்கினால் தெரியும். உள்ளே எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் பாட்டுகளுக்கு நான்கு எழுத்தில் பொருளற்ற பெயர்கள். பயப்பட வேண்டாம். பாடகர், ஆல்பம் விவரங்கள் பெரும்பாலும் கோப்பின் உள்ளேயே இருக்கும். மொத்த மியூசிக் ஃபோல்டரையும் கணினிக்கு நகல் எடுத்து, ஏதாவது இசை மென்பொருளில் சேர்த்தால் பெயர்கள் திரும்ப வந்துவிடும்.

மேக்கில் பயன்படுத்திய ஐபாட் என்றால் இந்த வேலையை மேக்கில் செய்வதே எளிது. விண்டோஸ் ஃபார்மட் கேட்டால் ரத்து செய்துவிட்டு, மேக் உள்ள ஒருவரைத் தேடுங்கள்.

5. ஃபார்மட்: எல்லாவற்றுக்கும் முந்திய முடிவு

ரீஸ்டோர் என்பது ஐபாடை முழுதாக அழித்து அதன் மென்பொருளைப் புதிதாக ஏற்றுவது. மேக்கில் ரீஸ்டோர் செய்த ஐபாட் எச்எஃப்எஸ் பிளஸ் என்ற வடிவில் இருக்கும். விண்டோஸில் ரீஸ்டோர் செய்தது ஃபேட்32 வடிவில் இருக்கும். விண்டோஸுக்கு எச்எஃப்எஸ் பிளஸைப் படிக்கத் தெரியாது. மேக்குக்கோ ஃபேட்32 நன்றாகவே தெரியும், எழுதவும் செய்யும். லினக்ஸும் அப்படியே. நம் ஊரில் அலுவலகம், ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் என்று எங்கே போனாலும் எதிரே இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் கணினிதான். ஆகவே வீட்டில் மேக் வைத்திருப்பவருக்கும் என் யோசனை ஃபேட்32தான்.

இப்போது எந்த வடிவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஐடியூன்ஸில் ஐபாடின் சம்மரி பக்கத்தைப் பாருங்கள். ஃபார்மட் என்ற வரியில் விண்டோஸ் அல்லது மெக்கின்டாஷ் என்று இருக்கும். விண்டோஸ் என்று இருந்தால் இந்தப் படி உங்களுக்கு முடிந்தது.

மெக்கின்டாஷ் என்று இருந்து மாற்ற வேண்டுமானால், விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸை நிறுவி, ஐபாடை இணைத்து, ரீஸ்டோர் கொடுங்கள். ஐடியூன்ஸ் இலவசம். ஐபாடுக்குரிய மென்பொருளை அது இறக்க வேண்டியிருப்பதால் இணைய இணைப்பு தேவை. நல்ல இணைப்பு இருந்தால் அதிக நேரம் பிடிக்காது. முடிந்ததும் ஐபாட் காலியாக, ஃபேட்32 வடிவில் இருக்கும். பிறகு அதை எக்காரணம் கொண்டும் மேக்கில் ரீஸ்டோர் செய்யாதீர்கள். மறுபடி மேக் வடிவுக்குப் போய்விடும்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, விண்டோஸின் சொந்த ஃபார்மட் பட்டன். டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ஃபார்மட் கொடுத்தால் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்று தருவதாகச் சொல்லும். ஐபாடின் மென்பொருளுக்கு அந்த இரண்டும் தெரியாது. பாட்டுக்கருவி என்ற வேலை நின்றுவிடும், கடைசியில் ரீஸ்டோருக்கே வந்து சேர்வீர்கள். ஐபாடுக்கு ஃபார்மட் என்றால் ரீஸ்டோர் மட்டும்தான்.

இரண்டாவது, ஃபேட்32இன் எல்லை. ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. டிரைவில் 100 ஜிபி காலியாக இருந்தாலும் 5 ஜிபி கல்யாண வீடியோ ஒன்று உள்ளே போகாது. "கோப்பு மிகப் பெரியது" என்று விண்டோஸ் மறுக்கும். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பலர் தவறாக எடுத்துக்கொள்வது இதைத்தான். தீர்வு, செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளில் 4 ஜிபிக்குக் குறைவான துண்டுகளாகப் பிரிப்பது. துண்டுகளை நேரடியாகப் பார்க்க முடியாது, கணினியில் சேர்த்த பிறகே ஓடும். உங்கள் கோப்புகளில் பெரும்பாலானவை பெரிய வீடியோக்கள் என்றால் ஐபாட் உங்களுக்கு ஏற்ற கருவி அல்ல.

மூன்றாவது, கொள்ளளவு. 160 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 149 ஜிபிக்கு அருகில்தான் காட்டும். 80 ஜிபி என்றால் 74. கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்காதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவே.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஃபேட்32 நீண்ட பெயர்களை யூனிகோடில்தான் சேமிக்கிறது. "பாட்டி 80வது பிறந்தநாள்" என்று பெயர் வைத்த ஃபோல்டர் அப்படியே போய் அப்படியே திரும்பும்.

6. டிஸ்க்காக இயக்குவது

ஐடியூன்ஸைத் திறந்து, ஐபாடை இணைத்து, மேலே தெரியும் கருவிச் சின்னத்தைச் சொடுக்கினால் சம்மரி பக்கம் வரும். கீழே ஆப்ஷன்ஸ் பகுதியில் எனேபிள் டிஸ்க் யூஸ் என்ற பெட்டியில் டிக் போட்டு அப்ளை கொடுங்கள். மேக்கில் 2019இல் வந்த காடலினா பதிப்பு முதல் ஐடியூன்ஸ் இல்லை. ஃபைண்டரின் இடப்பக்கப் பட்டையில் ஐபாடைச் சொடுக்கினால் ஜெனரல் பகுதியில் இதே பெட்டி இருக்கும். பாட்டுகளைக் கையால் நிர்வகிக்கும் மேனுவலி மேனேஜ் என்ற பெட்டியில் டிக் போட்டிருந்தால் டிஸ்க் வசதி தானாகவே இயங்கும்.

இதன்பின் ஐடியூன்ஸ் இல்லாத கணினியில் செருகினாலும் ஐபாட் ஒரு டிரைவாகத் தெரியும். இந்த வேலைக்கு ஐடியூன்ஸ் தேவைப்படுவது இந்த ஒரே முறைதான்.

டிரைவ் தெரியவில்லையா? விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். அலுவலகக் கணினிகளில் நெட்வொர்க் டிரைவ் ஒன்று அதே எழுத்தைப் பிடித்துவைத்திருப்பதால் ஐபாட் மறைந்துபோவதுண்டு. அங்கே வேறு எழுத்துக் கொடுத்தால் வந்துவிடும்.

ஐபாட் முழுதாக உறைந்துபோய்விட்டாலும், மென்பொருள் பழுதாகி மெனுவே வராவிட்டாலும், உள்ளிருக்கும் கோப்புகளை எடுக்க இன்னொரு வழி உண்டு. மெனுவும் நடு பட்டனும் பிடித்து, ஆப்பிள் சின்னம் வந்ததும் உடனே நடு பட்டனையும் கீழே உள்ள பிளே பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். டிஸ்க் மோட் என்ற திரை வரும். இப்போது கணினியோடு இணைத்தால் டிரைவாகத் திறக்கும். தரவை மீட்க நான் முதலில் முயலும் வழி இதுதான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

7. கோப்புகளை நகல் எடுப்பது

திறந்த டிரைவில் கான்டாக்ட்ஸ், கேலண்டர்ஸ், நோட்ஸ் போன்ற ஃபோல்டர்கள் ஏற்கெனவே இருக்கும். அவற்றையும் மறைந்திருக்கும் ஐபாட்_கண்ட்ரோலையும் தொடாதீர்கள். இடத்தைக் காலி செய்கிறேன் என்று அதை அழித்தவர்களின் பாட்டுகள் அத்தனையும் போயின. உங்கள் கோப்புகளுக்கென்று மேல்மட்டத்தில் ஒரே ஒரு ஃபோல்டர் உருவாக்கி, எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஃபோல்டரில் போடும் எம்பி3 கோப்பை ஐபாட் பாடாது. பாட வேண்டும் என்றால் ஐடியூன்ஸ் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். இழுத்துப் போட்டதும் பாட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு ராக்பாக்ஸ் என்ற இலவச மாற்று மென்பொருள் இருக்கிறது. அதற்கும் ஃபேட்32 வடிவமே வேண்டும்.

நேரம் பற்றி. இணைப்பு யுஎஸ்பி 2.0, டிஸ்க்கும் மெதுவாகச் சுழலும் வகை. பெரிய கோப்புகளில் நொடிக்கு 10 முதல் 20 எம்பி வரை எதிர்பாருங்கள். நொடிக்கு 15 எம்பி என்று வைத்தால் 100 ஜிபிக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆயிரக்கணக்கான சிறு புகைப்படங்கள் என்றால் இன்னும் மெதுவாகும். ஆனால் ஒரே மூச்சில் 100 ஜிபி ஏற்றாதீர்கள். சில பாட்டுகளை நினைவகத்தில் ஏற்றிவிட்டு உடனே ஓய்வெடுக்கும் பழக்கத்துக்காகச் செய்த டிஸ்க் அது. தொடர்ந்து மணிக்கணக்கில் ஓடினால் பின்புறத் தகடு நன்றாகச் சூடாகும். 10, 15 ஜிபியாக ஏற்றி, இடையில் ஆற விடுங்கள். மெத்தை மேலோ துணி மேலோ வைக்காமல் வெறும் மேசையில் வையுங்கள். ஓடும்போது தூக்கவோ நகர்த்தவோ கூடாது.

ஏற்றி முடித்ததும் இரு பக்கமும் ஃபோல்டரின் புராப்பர்ட்டீஸைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் சில கோப்புகளை ஐபாடிலிருந்தே திறந்து பாருங்கள். மேக்கிலிருந்து ஏற்றினால், ஒவ்வொரு கோப்புக்கும் புள்ளியும் அடிக்கோடும் வைத்துத் தொடங்கும் சிறு கோப்பு ஒன்று கூடவே வரும். விண்டோஸில் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.

8. ஆவணங்களை வைக்கிறீர்களா? பூட்டி வையுங்கள்

பலரும் இதில் வைக்க விரும்புவது ஆதார், பான், பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் ஸ்கேன்களை. நல்ல எண்ணம்தான். ஆனால் ஐபாடில் இருக்கும் நான்கு இலக்கத் திரைப்பூட்டை நம்பி வைத்தால் போதாது. அது கோப்புகளை மறையாக்கம் செய்வதில்லை, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவதில்லை. தொலைந்துபோனால் எடுத்தவர் கையில் எல்லாமே போய்விடும்.

ஸ்கேன்களை ஒரே ஃபோல்டரில் சேர்த்து, செவன்-ஜிப்பில் கடவுச்சொல் கொடுத்து, ஏஇஎஸ்-256 மறையாக்கத்தோடு ஒரே கோப்பாகச் சுருக்குங்கள். கோப்புப் பெயர்களையும் மறைக்கும் பெட்டி அங்கேயே இருக்கிறது, அதிலும் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே என்னென்ன ஆவணங்கள் இருக்கின்றன என்ற பட்டியலை எவரும் பார்த்துவிடலாம். கடவுச்சொல்லை அதே ஐபாடில் எழுதி வைக்காதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

ஆதாரைப் பொறுத்தவரை, ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கும் இ-ஆதார் கோப்பு கடவுச்சொல்லோடுதான் வருகிறது. ஆனால் அந்தக் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். உங்களைத் தெரிந்தவர் எவரும் ஊகித்துவிடுவார். அதையும் பூட்டிய கோப்புக்குள்ளேயே வையுங்கள். அச்செடுக்க வெளியே கொண்டுபோவதற்கு, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை அதே தளத்திலிருந்து இறக்கித் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

9. கழற்றும் முறை

கேபிளைச் சும்மா உருவாதீர்கள். ஐபாட் திரையில் இணைப்பு எச்சரிக்கை இருக்கும்வரை கோப்புப் பட்டியல் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். ஃபேட்32இல் பாதியில் அறுந்தால் ஒரு கோப்போடு போகாது, ஃபோல்டர் முழுவதும் குழம்பக்கூடும். விண்டோஸில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எஜெக்ட் சின்னம். மேக்கில் ஃபைண்டரின் எஜெக்ட் குறி. "கருவி பயன்பாட்டில் உள்ளது" என்று விண்டோஸ் மறுத்தால் பெரும்பாலும் ஐடியூன்ஸ் அதைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்தே எஜெக்ட் கொடுங்கள். அதுவும் நடக்காவிட்டால் கணினியை முழுதாக நிறுத்திய பிறகு கழற்றுங்கள்.

10. வெளிக் கணினியில் செருகும்போது

வேறொருவர் கணினியில் ஐடியூன்ஸ் இருந்தால், "இந்த ஐபாட் வேறு ஒரு லைப்ரரியோடு இணைந்துள்ளது, அழித்துவிட்டு இதனோடு சிங்க் செய்யவா?" என்று கேட்கும். சிங்க் என்றால் அந்தக் கணினியின் பாட்டுகளை ஐபாடில் ஏற்றுவது. கேன்சல் கொடுங்கள். ஆம் என்றால் உங்கள் பாட்டுகள் போய் அவருடைய பாட்டுகள் வந்துவிடும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட் பட்டன்களையும், மேக்கில் கமாண்ட், ஆப்ஷன் பட்டன்களையும் பிடித்தபடி இணைத்தால் தானியங்கி சிங்க் தொடங்காது.

வைரஸ் விஷயத்தில் பென் டிரைவுக்கு உள்ள அத்தனை ஆபத்தும் ஐபாடுக்கும் உண்டு. 2006இல் வீடியோ ஐபாடுகளில் ஒரு சிறு பகுதி தொழிற்சாலையிலிருந்தே ஒரு விண்டோஸ் வைரஸைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்ததாக ஆப்பிளே ஒப்புக்கொண்டிருக்கிறது. டிஸ்க்காகத் தெரியும் எந்தக் கருவியும் தொற்றைச் சுமக்கும். பொதுக் கணினியில் செருகி வந்தால், வீட்டில் திறக்கும் முன் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென்று ஷார்ட்கட்டுகளாக மாறியிருந்தால் எதையும் சொடுக்காதீர்கள். கோப்புகள் மறைக்கப்பட்டிருக்கின்றன, பெரும்பாலும் அழிந்திருக்காது. அச்செடுக்க மட்டும்தான் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு கோப்பை ஒரு சிறு பென் டிரைவில் கொண்டுபோங்கள். முழு ஐபாடையும் கடைக் கணினியில் செருகுவதை நான் நிறுத்திவிட்டேன்.

11. செலவு

கையில் ஏற்கெனவே ஐபாட் இருந்தால் ஆகும் செலவு ஒரு நல்ல கேபிள் மட்டுமே. சில நூறு ரூபாய். மென்பொருள் அனைத்தும் இலவசம். ஆனால் சேமிப்புக்காக மட்டும் பழைய ஐபாட் ஒன்றைத் தேடி வாங்காதீர்கள். சேகரிப்பாளர்கள் தேடும் பொருளாகிவிட்டதால் விலை குறைவாக இல்லை. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் பல மடங்கு இடமும் வேகமும் உள்ள புது டிஸ்க் கிடைக்கும். பாட்டும் கேட்க வேண்டும், கோப்பும் வைக்க வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். அப்போது 3ஆம் படியில் சொன்ன எண்களை விற்பவர் முன்னிலையிலேயே பாருங்கள். பட்டனை அழுத்த அனுமதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். வரிசை எண்ணைக் குறிப்பிட்டு ஒரு ரசீதும் எழுதி வாங்குங்கள். அந்த எண் முதுகிலேயே பொறித்திருக்கும்.

சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு, மாற்றுப் பலகை ஒன்றின் உதவியால் மெமரி கார்டு பொருத்தும் வழியும் உண்டு. அதிர்வுக்கு அஞ்ச வேண்டாம், பேட்டரியும் கூடுதல் நேரம் வரும். ஆனால் கிளாசிக்கின் உலோக உடலைத் திறப்பது மிகக் கடினம், ஓரங்கள் வளைந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் முயல வேண்டாம்.

12. ஆறு மாதத்துக்கு ஒருமுறை

ஐபாடில் இருப்பது இரண்டாவது நகலாகவே இருக்கட்டும். அதில் மட்டுமே இருக்கும் கோப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. மூலம் கணினியிலோ வேறு டிஸ்க்கிலோ இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள்; வற்றிய நிலையிலேயே வெகுநாள் கிடந்தால் பேட்டரி மீளாமல் போகலாம். விண்டோஸில் இணைத்து, டிரைவின் புராப்பர்ட்டீஸில் டூல்ஸ் பகுதியில் செக் கொடுத்துப் பிழைகளைச் சரிபாருங்கள். சில புகைப்படங்களைத் திறந்து பாருங்கள். பிறகு சோதனைப் பட்டியலுக்குப் போய், முதல்முறை தாளில் எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் இன்றைய எண்களை எழுதுங்கள். ரீஅலாக்ஸ் ஏறிக்கொண்டே போனாலோ பென்டிங் பூஜ்யத்திலிருந்து நகர்ந்தாலோ, அன்றைக்கே எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, ஐபாடைப் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.